போன் பேட்டரியும் டெல்டா வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊர் செல்போன் கடையில் நின்றாலும் பேட்டரி பற்றி வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

புதுப் போன் வாங்கியிருக்கேன். முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணுமாமே?

வேண்டாம். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போது எல்லாப் போனிலும் இருப்பது லித்தியம் அயனி வகை. பெட்டியைப் பிரிக்கும்போது பாதிக்குக் கிட்டத்தில் சார்ஜ் இருக்கும். அதை வைத்தே சிம் போட்டுப் பேச ஆரம்பிக்கலாம்.

முழுசா ஜீரோ வரைக்கும் இறக்கிட்டுத்தான் ஏத்தணும்னு சொல்றாங்க. அடிக்கடி குத்துனா பேட்டரி போயிடுமா?

உண்மை இதற்கு நேர்மாறு. லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காத இடங்கள் இரண்டு: ஒன்று அடிமட்டம், மற்றது உச்சி. நடுவில் எத்தனை தடவை குத்தினாலும் கேடில்லை. 40-ல் பத்து நிமிடம், 55-ல் கால் மணி நேரம் என்று கிடைத்தபோதெல்லாம் போடலாம்.

சார்ஜ் சைக்கிள் என்பது பிளக்கில் குத்திய தடவைகளின் கணக்கு அல்ல. மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள். இன்று 50, நாளை 50 என்று செலவழித்தால் இரண்டு நாளைக்கு ஒன்றுதான். ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிள், 15 முதல் 1000 சைக்கிள் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்கள் குறைந்தது 800 சைக்கிள் தாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பழைய போனை ஆஃப் பண்ணி பீரோவுல வச்சிருந்தேன். ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா உசிரே இல்லை. ஏன்?

ஜீரோவில் வைத்ததால். ஆஃப் ஆகிக் கிடந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். சில போன்கள் சாதாரண சார்ஜரில் ஒரு மணி நேரம் விட்டால் எழுந்துவிடும். எழாவிட்டால் பேட்டரி மாற்றுவதுதான் வழி. கடையில் நேரடியாக வோல்ட் கொடுத்து "எழுப்பித் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆழத்துக்கு இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கும். அப்படி எழுப்பிய பேட்டரி உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

எடுத்து வைக்கும் போனில் 50 சதவீதம் ஏற்றி, ஆஃப் செய்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள்.

ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுறேன். காலையில வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்தா வெடிக்குமா?

வெடிக்காது. 100 வந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்சம் இறங்கினால் மறுபடி ஏற்றும். இதில் உள்ள சேதம் வேறு: உச்ச வோல்டேஜில் நாலைந்து மணி நேரம் நின்றுகொண்டிருப்பது. புழுக்கமான அறையில், தலையணைக்கு அடியில், மெத்தை மேல் என்றால் சூடும் சேர்ந்துகொள்ளும். இரவில் போடுவதானால் உறையைக் கழற்றி, தரையிலோ மர மேசையிலோ ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள்.

அப்போ 80-லயே நிறுத்திடணுமா? அலாரம் வச்சு எந்திரிக்கிறதா?

எழுந்திருக்க வேண்டாம், போனே நிறுத்தும். ஐபோன் 15-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் 80 சதவீத வரம்பு இருக்கிறது. சாம்சங்கில் பேட்டரிக்குள் "பேட்டரி புரொடெக்‌ஷன்" என்று இருக்கும். மற்ற கம்பெனிகளில் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் சார்ஜிங் லிமிட் என்று தேடிப் பாருங்கள். ஐபோனில் 80 வைத்திருந்தும் என்றைக்காவது 100 வரை ஏறினால் பழுது என்று பயப்படாதீர்கள். சதவீதக் கணக்கைச் சரிபார்க்க அதுவே அவ்வப்போது அப்படிச் செய்யும்.

வசதி இல்லாத பழைய போனுக்கு, நேரம் வைத்தால் தானாக நின்றுவிடும் டைமர் பிளக் போதும். ஆனால் 80 என்பது கும்பிட வேண்டிய எண் அல்ல. வெளியூர் போகிற நாளில் 100 போட்டுக்கொண்டு போங்கள். ஏற்றிய உடனே பயன்படுத்தத் தொடங்கினால் சேதம் மிகக் குறைவு.

எல்லாம் சரியாத்தான் பண்றேன். ஆனா ரெண்டே வருஷத்துல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. என்ன காரணம்?

டெல்டாவில் பத்துக்கு எட்டுப் பேருக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: வெயில். சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சூட்டைக் கவனிப்பதில்லை. ஐபோனைப் பயன்படுத்தச் சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40-ஐத் தொடும். அப்புறம் பைக் ஹோல்டரிலும் டிராக்டர் பானெட் மேலும் வைத்த போனைக் கேட்பானேன்.

பேட்டரிக்குள் கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அது வளர வளர வேலை செய்யும் லித்தியம் அதில் சிக்கிக் குறையும். சூடு ஏறினால் படலம் வேகமாக வளரும். 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரட்டை வேகம் எடுக்கும் என்பது பொதுக் கணக்கு. சூட்டோடு முழுச் சார்ஜும் சேர்ந்தால் இன்னும் மோசம். 40 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்த லித்தியம் பேட்டரியில், 40 சதவீதம் ஏற்றி வைத்ததில் சுமார் 85 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், முழுக்க ஏற்றி வைத்ததில் சுமார் 65-தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. மோட்டார் கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே ஸ்டார்ட்டர் பெட்டி மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். அந்தப் பெட்டியே சூடாக இருக்கும். களத்தில் நெல் காயும்போது போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மர நிழலில் துணிப் பைக்குள் வையுங்கள். பைக் ஹோல்டரில் மேப் பார்ப்பதானால் சார்ஜைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பைக்கின் அதிர்வு கேமராவுக்கும் ஆகாது. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உறையைக் கழற்றி, ஆஃப் செய்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்து, போர்டில் ஈரம் இறங்கிவிடும்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எங்கே பார்க்கிறது?

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த். சாம்சங்கில் "சாம்சங் மெம்பர்ஸ்" செயலிக்குள் டயக்னாஸ்டிக்ஸ். சில ஆண்ட்ராய்டுகளில் டயல் செய்யும் இடத்தில் \*#\*#4636#\*#\* அடித்தால் பேட்டரி விவரம் வரும். எதிலும் வராவிட்டால் கண்ணால் பார்ப்பதே போதும்: வாங்கியபோது ஒரு நாள் நின்றது இப்போது மதியத்தோடு தீர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 80-க்குக் கீழே போனால் மாற்றலாம். 85-ல் மாற்றுவது வீண் செலவு.

67 வாட் சார்ஜர் வந்திருக்கு. இவ்வளவு வேகமா ஏத்துனா பேட்டரி சீக்கிரம் போயிடாதா?

சார்ஜர் மேல் எழுதியிருக்கும் வாட் முழுக்க எப்போதும் உள்ளே போவதில்லை. அடியிலிருந்து பாதி வரை வேகம், பிறகு படிப்படியாகக் குறைவு, 80-க்கு மேல் ஊர்தல். அதனால்தான் கடைசி 20 சதவீதத்துக்கு அத்தனை நேரம் பிடிக்கிறது. போன் சூடானால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வேகத்துக்குப் பயப்பட வேண்டாம், சூட்டுக்குப் பயப்படுங்கள். அவசரமில்லாத இரவில் பழைய 10 வாட் சார்ஜரில் போடலாம். ஐப்பசி மழையில் கரண்ட் வந்து அரை மணியில் போய்விடும் என்றால் வேகச் சார்ஜர்தான் வரம்.

வேற கம்பெனி சார்ஜர் போடலாமா? போட்டா மெதுவா ஏறுதே?

போடலாம். எவ்வளவு வேண்டும் என்பதைப் போன்தான் கேட்டு வாங்குகிறது. 65 வாட் லேப்டாப் சார்ஜரை 18 வாட் போனில் குத்தினால் 18-க்கு மேல் போகாது. மெதுவாக ஏறுவதற்குக் காரணம் மொழி வேறுபாடு: ஒரு கம்பெனியின் தனி முறை இன்னொன்றுக்குப் புரியாவிட்டால் இரண்டும் பொதுவான 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சார்ஜரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் தயாரித்தவர் யார் என்று தெரியும்.

சொந்தச் சார்ஜரிலேயே மெதுவாக ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சாதாரண இருபக்க டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 5 ஆம்பியருக்கு உள்ளே சிப் வைத்த கேபிள் வேண்டும். அடுத்தது போனின் துளை. அறுவடைக் காலத்தில் நெல் சுணையும் பஞ்சும் உள்ளே அடைந்து, பின் முழுக்க இறங்காமல் நிற்கும். போனை ஆஃப் செய்து, மரப் பல்குச்சியால் ஓரமாக நெம்பி எடுங்கள். குண்டூசி வேண்டாம், பின்னை வளைத்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் துளைக்குள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

மவன் சிங்கப்பூர்லேருந்து போன் அனுப்பியிருக்கான். சார்ஜர் பெரிய மூணு பின். நம்ம வீட்டுல போடலாமா?

மின்சாரம் ஒத்துப்போகும். அங்கேயும் 230 வோல்ட்தான். பின்தான் ஒத்துப்போகாது. தட்டைப் பின்னை நம் உருண்டைத் துளையில் பேனாவால் தள்ளி அழுத்திச் செருகுகிறார்கள். அது லூசாக நின்று, பொறி பறந்து, பிளக் பாயின்ட் கருகும். அடாப்டர் வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் கேபிளை மட்டும் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு நல்ல சார்ஜர் வாங்கிவிடுங்கள். அதுதான் சுலபம்.

எங்க ஊரு கடைமடை. மோட்டார் ஓடுற நேரம் வோல்டேஜ் இறங்கிடும். போன் கெடுமா?

இறங்கினால் கெடாது. சார்ஜரில் "இன்புட் 100-240" என்று அச்சிட்டிருக்கும். பல்பு மங்கும் 170 வோல்ட்டிலும் அது சரியாக வேலை செய்யும். ஸ்டெபிலைசர் தேவையில்லை.

ஏறுவதுதான் ஆபத்து. லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம். பல்பு திடீரென்று பளிச்சென்று எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் அதுதான் அடையாளம். மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் கருகுவது சார்ஜரோடு நிற்கும். உள்ளே சரியான தடுப்பு இல்லாத மட்டமான சார்ஜர் என்றால் போனையும் கையில் பிடித்திருப்பவரையும் சேர்த்துத் தாக்கும். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

சார்ஜ்ல இருக்கும்போது தொட்டா சுருக்குங்குது, டச் தானா குதிக்குது. ஏன்?

இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது. இரைச்சலை அடக்க உள்ளே வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாக மிக நுண்ணிய மின்சாரம் உலோக விளிம்புக்கு வரும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டால் லேசாக நமநமக்கும். நல்ல சார்ஜரிலும் இது உண்டு, ஆபத்தில்லை. டச் குதிப்பது வேறு. அது அநேகமாக மட்டச் சார்ஜரின் இரைச்சல். வேறு சார்ஜரில் நின்றுவிட்டால் பழையதைத் தூக்கிப் போடுங்கள். கையை உதறும் அளவுக்கு அடித்தால் அந்தச் சார்ஜரை இன்னொரு தடவை சோதித்துக்கூடப் பார்க்காதீர்கள்.

30 காட்டும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுது. சாஃப்ட்வேர் போட்டா சரியாகுமா?

முதலில் ஒருமுறை மட்டும் தானாக ஆஃப் ஆகும்வரை இறக்கி, தொடர்ந்து 100 வரை ஏற்றிப் பாருங்கள். சதவீதம் காட்டும் கணக்கு பிசகியிருந்தால் சரியாகும். இது அளவுகோலைத் திருத்துவதுதான், பேட்டரிக்கு மருந்து அல்ல. மாதாமாதம் செய்ய வேண்டாம், காரணம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

அப்படியும் ஆஃப் ஆனால் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர உள்ளேயே இருக்கும் தடை, கூடிவிட்டது. கேமரா ஃபிளாஷ் அடிக்கும்போதோ சிக்னல் இல்லாத இடத்தில் பேசும்போதோ திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். தளர்ந்த பேட்டரியின் வோல்டேஜ் அந்த நொடியில் சரிந்து போன் அணையும். 2017-ல் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது வெளியே வந்து மன்னிப்புக் கேட்டதே, அதற்கும் காரணம் இதுதான். மாற்றுவது ஒன்றே வழி.

வீட்டுல இருந்தா சார்ஜ் நிக்குது. வயலுக்குப் போனா மதியமே தீர்ந்துடுது.

டவர் தூரமாக இருந்தால் போன் சக்தியைக் கூட்டிக் கத்துகிறது. 5ஜி வந்து வந்து போகும் இடத்தில் தேடுதலிலேயே பாதி தீரும். வயலுக்குப் போகும்போது நெட்வொர்க்கை 4ஜி என்று மாற்றி வையுங்கள். வெயிலில் திரை முழு வெளிச்சத்துக்கு ஏறுவதும் ஒரு செலவு. பின்னால் ஓடும் செயலிகளைத் தள்ளித் தள்ளி மூடுவதால் ஒன்றும் மிச்சமாகாது. மறுபடி திறக்கும்போது கூடுதலாகத்தான் செலவாகும்.

போன் வாய்க்கால்ல விழுந்துடுச்சு. அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கோம். எத்தனை நாள்?

உடனே எடுத்துவிடுங்கள். போனுக்குள் இருக்கும் நீரை அரிசி உறிஞ்சாது. தவிடும் மாவும் துளைக்குள் புகுந்து கூழாவதுதான் மிச்சம். நெற்களஞ்சியத்துக்காரர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான்.

ஆஃப் செய்யுங்கள். சார்ஜில் குத்தி "வேலை செய்யுதா" என்று பார்க்காதீர்கள், போர்டு அரிப்பது அப்போதுதான். துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி, துடைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். நீர்ப்பாதுகாப்பு இல்லாத போன் என்றால் அன்றைக்கே கடையில் பிரித்துச் சுத்தம் செய்வது நல்லது. கடல் நீர் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்துடுச்சு. நாலு நாள் கரண்ட் இல்லேன்னா என்ன பண்றது? டிராக்டர் பேட்டரியில போடலாமா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எச்சரிக்கை வந்தால் 80 கணக்கை மறந்துவிட்டு எல்லாவற்றையும் 100 ஏற்றுங்கள். 10000 எம்ஏஎச் பவர் பேங்க் 5000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை ஏற்றும் என்று எண்ண வேண்டாம். அதற்குள் இருப்பது சுமார் 37 வாட்-ஹவர் மின்சாரம். அதில் வோல்டேஜ் மாற்றும் இழப்புப் போக ஒன்றரைத் தடவைதான் வரும். போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, இரண்டு மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் மட்டும் அந்த மோடை எடுத்துவிட்டால் நாலு நாளை ஓட்டிவிடலாம்.

டிராக்டர் பேட்டரியில் போடலாம். ஆனால் 12-24 வோல்ட் எழுதிய கார் சார்ஜர் வழியாக மட்டும். வயரை அறுத்து நேரே போனுக்குக் கொடுத்தால் போர்டு போய்விடும். 75 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் சுமார் 900 வாட்-ஹவர் இருக்கும். ஒரு போனுக்கு இழப்போடு 25 போகும். பத்துப் போன் போட்டால் கால் பங்குக்கு மேல் காலி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விழுந்து கிடக்கும் மரத்தை இழுக்க டிராக்டர் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்யும்போது போன்களைக் கழற்றிவிடுங்கள், அந்த நொடியில் வோல்டேஜ் தாறுமாறாகக் குதிக்கும்.

தினமும் போட்டா கரண்ட் பில் ஏறுமா?

மேலே சொன்ன 25 வாட்-ஹவர் கணக்குப்படி, தினமும் முழுக்க ஏற்றினாலும் வருடத்துக்குச் சுமார் 9 யூனிட்.

கடையில பேட்டரி மாத்தும்போது எதைப் பார்க்கணும்?

அதே அளவுப் பேட்டரியில் பழையதை விட ரொம்பக் கூடுதலான எம்ஏஎச் அச்சிட்டிருந்தால் அது பொய். தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையில் சும்மா இருந்தாலும் லித்தியம் கிழடாகும், அதுவும் நம் ஊர்ச் சூட்டில். சார்ஜருக்குச் சொன்ன ஆர் எண் பேட்டரிக்கும் உண்டு. பழையதைப் பசையிலிருந்து எடுக்கும்போது உலோகக் கத்தியால் நெம்பினால் தடுத்துவிடுங்கள். ஓட்டை விழுந்தால் அங்கேயே தீப்பிடிக்கும். இதனால்தான் போனை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம்: சார்ஜ் குறைந்த பேட்டரியில் தீயின் வீரியமும் குறைவு. ஐபோனில் ஆப்பிளுடையது அல்லாத பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் அறிவிப்பு வரலாம், போன் ஓடும். திறந்த போனில் பழைய நீர்ப்பாதுகாப்பு இருப்பதாக எண்ணாதீர்கள்.

பின்னாடி மூடி தூக்கிக்கிட்டு நிக்குது. அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டலாமா?

கூடாது. உள்ளே வாயு உண்டாகிப் பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கினால் உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும். கல்லாப்பெட்டி ஓரத்தில் நாள் முழுக்கச் சார்ஜிலேயே கிடக்கும் கடைப் போன்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம். சார்ஜ் போடுவதை நிறுத்தி, ஆஃப் செய்து, தீப்பிடிக்கும் பொருள் இல்லாத சிமென்ட் தரையில் வைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற ஏற்பாடு செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. குப்பைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். போகியன்று பழைய பாயோடும் துணியோடும் சேர்த்து இதை நெருப்பில் போட்டுவிடாமல், முந்தின நாளே பரண் மேல் ஒரு பார்வை பார்த்து, பழைய பட்டன் போன்களின் பேட்டரிகளையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.